பொழுது இருக்கிற வரைக்கும்

முதலில் வந்தது சத்தம்தான். காய்ந்தும் காயாத கூழ்வத்தல் துணிகளை மொட்டைமாடியில் நாலு மூலையும் சேர்த்து வாரிச் சுருட்டுகிற சலசலப்பு, அதற்கு மேலே பெண்கள் தடதடவென்று படியிறங்குகிற சத்தம், அதற்கும் மேலே "ஏ எடுங்கடி, எடுங்கடி, பொழுது போச்சு" என்று சீனியம்மாள் மதினி தெருவுக்கே கேட்கப் போட்ட கூப்பாடு. ராத்திரியெல்லாம் ஜின்னிங் மில் வாசலில் காவல் இருந்துவிட்டு வந்து பகலில் படுக்கிறவனுக்குக் கண்ணைத் திறக்காமலே மணி தெரியும். குழாயடியில் குடம் மோதினால் ஏழு, பள்ளிக்கூடத்தில் சோற்றுத் தட்டு உருண்டால் பன்னிரண்டரை, ஐஸ் வண்டி மணியடித்தால் மூணு, வத்தல் வாரினால் ஆறு. ஆறாகிவிட்டது, வேலைக்குக் கிளம்ப வேண்டியதுதான் என்று எழுந்து உட்கார்ந்து வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தால் மணி நாலு இருபது. சன்னலைத் திறந்தால் வெளியே மங்கிப்போன மஞ்சள், எதிர்வீட்டுக் கோழிகள் அடைய ஏறிக்கொண்டிருந்தன. அன்றைக்குச் சித்திரை பத்து.

முந்தின நாள்கூட ஐந்து தாண்டித்தான் இருட்டியது, கடிகாரம்தான் நின்றுவிட்டதோ என்று காதை வைத்துக் கேட்டேன். ஓடிக்கொண்டிருந்தது.

எங்கள் முள்ளிச்செவல் வெயிலை நம்பிப் பிழைக்கிற ஊர். மழை வந்தால் வரும், வராவிட்டால் வராது, கிணற்றில் ஊறினால் ஊறும், ஊறாவிட்டால் வாளி தரையைத் தட்டிவிட்டு மேலே வரும், ஆனால் வெயில் மட்டும் எந்த வருசமும் சொன்ன தேதிக்கு வந்து நிற்கும், அதுவும் கத்திரி வெயிலென்றால் காலையில் துணி விரித்து ஊற்றிய கூழ் சாயங்காலம் உரித்தெடுக்கும்போது கண்ணாடிச் சில் மாதிரி கலகலவென்று கொட்டும். அந்தச் சத்தத்தை வைத்துத்தான் டவுன் வியாபாரி எங்கள் ஊர் வத்தலை மற்ற ஊர் வத்தலிலிருந்து பிரித்தறிவான். அப்படிப்பட்ட ஊரில் பங்குனிக் கடைசியிலிருந்து பொழுது முந்தி அடைய ஆரம்பித்தது. விடிகிற நேரத்துக்குச் சரியாக விடிந்தது, அதில் குறை சொல்ல முடியாது. சாய்கிற நேரம்தான் முதலில் இரண்டு நிமிசம் முன்னால் வந்தது, பிறகு ஐந்து, பிறகு பத்து, பிறகு கால்மணி, அரைமணி. சூரியன் அவசரமாக வெளியூர் போகிறவனைப் போல எங்கள் ஊரை மட்டும் எட்டி நடந்து கடந்தது.

எங்கள் ஊரை மட்டும். அதுதான் எல்லோருக்கும் எரிச்சல். கிழக்கே எல்லைக்கல், அதற்கு அந்தப் பக்கம் செம்பாறைப்பட்டி. கல்லுக்கு இந்தப் பக்கம் நின்றால் தலைக்கு மேலே நட்சத்திரம், ஒரு எட்டு எடுத்து அந்தப் பக்கம் வைத்தால் சுள்ளென்று நாலுமணி வெயில். ராத்திரி பக்கத்து வீட்டில் விளக்கெரிந்தால் நம் வீட்டுச் சுவரில் அதன் வெளிச்சம் லேசாக விழுமே, அந்த மாதிரி செம்பாறைப்பட்டிப் பகல் எங்கள் கீழத்தெருவில் கொஞ்சம் விழுந்துகொண்டிருந்தது. டவுன் பஸ் டிரைவர் எல்லைக்கல் வந்ததும் ஹெட்லைட்டைப் போடப் பழகிவிட்டார், கண்டக்டர் "இருட்டுல இறங்குறவுக எல்லாம் முன்னாடி வாங்க" என்று கூப்பிடப் பழகிவிட்டார், நாங்களும் இறங்கப் பழகிவிட்டோம்.

பழகியதே தவிர முனகாத ஆள் கிடையாது. டீக்கடைக் குருவையா கிளாசை ஆற்றிக்கொண்டே சொல்வான்: "சூரியனுக்கும் ரிட்டையர்மெண்ட் நெருங்கிருச்சு மச்சான். அரை நேரம்தான் வேலை பாக்கான், அதுலயும் பாதி நேரம் மேகத்துக்குள்ள போயி உக்காந்துக்கிறான்." சீனியம்மாள் மதினி, "எங்க வீட்டுக்காரருக்குக் கூடப்பொறந்த அண்ணனா இருப்பான் போல. எந்திரிக்கும்போதே எப்படா படுக்கலாம்னுதான எந்திரிக்கான்" என்பாள். மேலத்தெருப் பெரியவர் ஒருவர் சித்திரையும் மார்கழியும் இடம் மாறிவிட்டதாகக் கணக்குப் போட்டு விடியற்காலை ஜால்ராவோடு பஜனைக்குக் கிளம்பினார். பிள்ளைகள் இருட்டியதும் ஒரு சோறு, தூங்கப்போகும்போது ஒரு சோறு என்று இரண்டு ராச்சாப்பாடு கேட்டன. ஊர்க்காரர்கள் பத்துப்பேர் தாலுகா ஆபீசுக்கு மனுக் கொண்டு போனபோது, அங்கேயிருந்த கிளார்க் சுவர்க் காலண்டரைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "அஸ்தமனம் ஆறு இருபத்தெட்டுன்னு போட்டிருக்கு. அதுக்கு முன்னாடி இருட்டினா அது உங்க சொந்த இருட்டு, அதுக்கு நாங்க ஒண்ணும் செய்ய முடியாது" என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

என் பாடு தனிப் பாடு. மில்லில் என்னைக் காவலுக்குச் சேர்த்தபோது கடிகாரக் கணக்கெல்லாம் பேசவில்லை. பொழுதடைந்தால் கேட்டில் நிற்க வேண்டும், பொழுது விடிந்தால் போகலாம், அவ்வளவுதான் பேச்சு. சித்திரையில் மூச்சு விட நேரமிருக்கிற வேலை, ஐப்பசியில் முதுகு ஒடிகிற வேலை. இந்த வருசம் சித்திரை முடிவதற்குள் ராத்திரியின் நீளம் ஐப்பசி, கார்த்திகை எல்லாம் தாண்டிப் போய்விட்டது. "என்னங்கய்யா, மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு நைட் டூட்டின்னா எப்படி?" என்று மானேஜரிடம் கேட்டேன். அவர் டார்ச் லைட்டை அடித்து என் முகத்தைப் பார்த்துவிட்டு, "வெளிய இருட்டா இருக்கா, இல்லையா?" என்றார். இருட்டாகத்தான் இருந்தது. நின்றேன்.

நிற்கிறவனுக்கு யோசனைதான் சோறு. பஞ்சுப் பொதிக்குள் சுற்றி வருகிற பழைய பேப்பர்களை எழுத்துக் கூட்டி எழுத்துக் கூட்டியே படிக்கக் கற்றுக்கொண்டவன் நான், எந்த ஊரில் பூமி ஆடியது, எந்த ஊரில் மீன் மழை பெய்தது என்றெல்லாம் தெரியும், ஆனால் ஒரு ஊரில் மட்டும் பொழுது தேய்ந்ததாக எதிலும் போட்டிருக்கவில்லை. பேப்பரில் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டிய அவசியமும் எனக்கில்லை. ஏன் தேய்கிறது என்று எனக்குத் தெரியும். முதல் இரண்டு நிமிசம் குறைந்த அன்றைக்கே தெரியும்.

மாசி மாதம் நடந்தது அது. என் ஒரே மகள் செண்பகவள்ளி, டவுனில் செல்போன் கடையில் வேலைக்குப் போன இடத்தில் செம்பாறைப்பட்டிப் பொன்னுத்துரையைப் பிடித்துப்போய், போன ஆனியில் கோயிலில் மாலை மாற்றிக்கொண்டு அவனோடு போய்விட்டாள். அவர்கள் வேற ஆட்கள். அந்த ஒரு வார்த்தைக்குள் எங்கள் பக்கத்தில் எவ்வளவு அடங்கும் என்று எங்கள் பக்கத்து ஆட்களுக்குத் தெரியும், தெரியாதவர்களுக்குச் சொல்ல எனக்கே இப்போது கூச்சமாக இருக்கிறது. எட்டு மாதம் பேச்சில்லை. மாசியில் ஆள் வந்து சொன்னது: செண்பகம் ஆறு மாதம் முழுகாமல் இருக்கிறாள், வைகாசியில் பிள்ளை பிறக்கும், தலைப்பிரசவம், தாய்வீட்டுக்கு வரவேண்டும் என்று ஆசைப்படுகிறாள். நான் தெருவில் நின்றுகொண்டு, நாலு பேர் கேட்க, மேற்கே சாய்ந்துகொண்டிருந்த சூரியனுக்கு நேரே கையை நீட்டிச் சொன்னேன்: "பொழுதுன்னு ஒண்ணு இருக்கிற வரைக்கும் அவ இந்த வாசலை மிதிக்கக் கூடாது."

வந்த ஆள் தலையை ஆட்டிக்கொண்டு போய்விட்டது. என் வீட்டுக்காரி வெயிலுகந்தாள் உள்ளே போய் அடுப்பைப் பார்த்தாள். எங்கள் ஊரில் சொன்ன சொல்லைத் திருப்பி வாங்கும்படி ஒருவனிடம் யாரும் கேட்பதில்லை, அது அவன் இடுப்பு வேட்டியை உருவுகிறதற்குச் சமம். என் பெரியப்பா ஒருவர் ஏதோ கோபத்தில் "ஊர்க்கிணத்துத் தண்ணி இனிமே என் தொண்டையில இறங்காது" என்று சொல்லிவிட்டார். ஊர் கூடி அவரிடம் சமாதானம் பேசவில்லை, கூடி இன்னொரு கிணறு தோண்டியது. அதை இன்றைக்கும் சொல்லுக்கிணறு என்கிறோம்.

அதனால் பொழுது குறையக் குறைய நான் வாயைப் பொத்திக்கொண்டேன். குருவையா சூரியனைக் கிண்டல் செய்யும்போது சேர்ந்து சிரித்தேன். மதினி வையும்போது "ஆமா மதினி, என்ன செய்ய" என்றேன். எப்படியாவது நின்றுவிடும், ஒரு மழை பெய்தால் சரியாகிவிடும், கத்திரி பிறந்தால் சரியாகிவிடும் என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன். கத்திரி பிறந்தது, அன்றைக்குப் பொழுது காலை பதினொன்றரைக்கு அடைந்தது.

அதற்குள் ஊர்ப் பெண்கள் வேறு வழி கண்டுபிடித்திருந்தார்கள். செம்பாறைப்பட்டியில் ஊருக்கு வெளியே நாலு களத்துக்குச் சமமான பெரிய பாறை ஒன்று உண்டு. விடிந்ததும் கூழ்ப்பானையையும் துணியையும் தலையில் வைத்துக்கொண்டு வரிசையாக எல்லைக்கல்லைத் தாண்டிப் போய் அந்தப் பாறையில் ஊற்றி, காக்கை விரட்டி, காயவைத்து, சாயங்காலம் உரித்துக்கொண்டு வருவது என்று ஏற்பாடு. முதல் நாள் செம்பாறைப்பட்டிப் பெண்கள் வேலியோரம் நின்று, "உங்க ஊருல வெயிலு தீந்து போச்சாம்ல? எங்க வீட்டுல உறை ஊத்துன வெயிலு இருக்கு, ஒரு கரண்டி வாங்கிட்டுப் போறீகளா?" என்று கேட்டார்களாம். "குடுங்கடி, பெரட்டாசியில திருப்பித் தாரோம்" என்றாளாம் மதினி. இரண்டாம் நாள் சேர்ந்து உட்கார்ந்து கஞ்சி குடித்தார்கள். பத்தாம் நாள் இரண்டு ஊர்த் துணியும் எது யாருடையது என்று தெரியாதபடி கலந்து கிடந்தது.

இதில் எனக்கு வீடு இல்லாமல் போனது. பொழுது இருக்கிற கொஞ்ச நேரம்தான் நான் வீட்டில், அந்த நேரம் வெயிலுகந்தாள் பாறையில். அவள் திரும்பி வருகிற நேரம் நான் மில் கேட்டில். நாங்கள் இருவரும் பார்த்துக்கொள்வது கேட்டு வாசலில்தான். கடிகாரப்படி சாயங்காலம் ஏழுமணி, ஊர்ப்படி கும்மிருட்டு, பெண்கள் வத்தல் மூட்டையோடு இருட்டுக்குள் நடந்து வந்து என் மண்பானையில் ஒரு சொம்புத் தண்ணீர் குடித்துவிட்டுப் போவார்கள். எங்கள் ஊரில் யார் உடம்பிலும் அப்போது வெயில் வாசனை கிடையாது, ஊரே கிணற்றுக்குள் வைத்த மாதிரி ஒரு பாசி நெடி. அவர்கள் மேல் மட்டும் வெயில் வாசனை அடிக்கும். வெயிலுகந்தாள் பக்கத்தில் வந்து நின்றால் சூடான மண்சட்டி பக்கத்தில் நின்ற மாதிரி இருக்கும். முகம் கறுத்திருந்தது, கண்ணில் மட்டும் ஏதோ பளிச்சென்று. ஊரெல்லாம் வெளுத்துக்கொண்டு வர, முருங்கைக் கீரை மஞ்சளாகி, கோழிகள் முட்டையிடுவதை மறந்து, பச்சைப்பிள்ளைகள் காரணமில்லாமல் அழுதுகொண்டிருந்த அந்த நாட்களில் அவள் ஒருத்தி தெளிந்துகொண்டே வந்தாள்.

"என்ன, ரொம்ப சந்தோசமா இருக்க?" என்றேன் ஒருநாள்.

"வெயில்ல நிக்கிறவ முகம் அப்படித்தான் இருக்கும்" என்றாள்.

செம்பாறைப்பட்டியில் செண்பகம் இருக்கிறாள். பாறையில் இவள் இருக்கிறாள். இரண்டையும் சேர்த்துப் பார்க்கப் பஞ்சாங்கம் வேண்டாம். நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. வைகாசி பிறந்து மூன்றாம் நாள் வீட்டுக்கு வந்தபோது கொடியில் அவளுடைய பழைய நூல்சேலைகள் துவைத்து, சதுரம் சதுரமாகக் கிழித்துத் தொங்கிக்கொண்டிருந்தன. மூலையில் வசம்பும் விளக்கெண்ணெயும் புது முறமும். உள்ளறையைச் சாணி போட்டு மெழுகியிருந்தாள். அன்றைக்குப் பொழுது ஒன்பது மணிக்கு அடைந்தது. நான் தூங்கவில்லை. அந்தச் சதுரத் துணிகளைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தேன்.

அன்று இருட்டில் கேட்டு வாசலில் அவளை நிறுத்தினேன். மற்றவர்கள் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார்கள்.

"வீட்டுல துணி கிழிச்சுப் போட்டிருக்க."

"ஆமா."

"யாருக்கு?"

"உங்க பேரப்பிள்ளைக்கு. வேற யாருக்கு?"

"நான் சொன்னது மறந்து போச்சா?"

"மறக்கலைங்க." அவள் குரலில் கோபமே இல்லை, அதுதான் என்னைக் கலக்கியது. "நீங்க சொன்ன சொல்லுப்படிதான் செய்யுதேன். இன்னைக்கு ஒம்பது மணி. கணக்குப் பாத்தா வர்ற வெள்ளிக்கிழமையோட பொழுது இல்லாமப் போயிரும். பொழுது இல்லாத அன்னைக்கு அவ வாசலை மிதிக்கலாம்ல? உங்க சொல்லுக்கும் பங்கமில்ல. எம்புள்ளையும் வீட்டுக்கு வந்துருவா."

"அடிப் பாவி, ஊரே பொழுதில்லாமக் கெடக்கு. உனக்கு இது சந்தோசமா?"

தண்ணீர்ச் சொம்பைக் கவிழ்த்து வைத்துவிட்டு சீனியம்மாள் மதினி இடையில் வந்தாள். "அவளை ஏன் கொழுந்தனாரே வையுதீக? நாங்கதான் சொன்னோம், போகட்டும் வெயிலு, உம்மக வரட்டும், ஒரு வருசம் வத்தல் இல்லாட்டி யாரும் செத்துப் போயிர மாட்டோம்னு. ஊரு பேசி முடிச்சது இது."

"ஊரா?"

"பின்ன? நீங்க கைய நீட்டிச் சொல்லும்போது நாலு பேரு கேட்டோம்ல. பொழுது ஏன் ஓடுதுன்னு தெரியாத கிறுக்கனா இருக்கா முள்ளிச்செவல்ல?"

"அப்ப இம்புட்டு நாளும் டீக்கடையில, குழாயடியில..."

மதினி சிரித்தாள், ஆனால் அது அவளுடைய வழக்கமான சிரிப்பில்லை. "உங்களை எப்படிக் கொழுந்தனாரே வைய முடியும்? உங்க சொல்லு பெரிய சொல்லு. அதான் வெயிலை வைஞ்சோம்."

அவர்கள் போய்விட்டார்கள். நான் கேட்டில் சாய்ந்து நின்றேன். சூரியனுக்கு ரிட்டையர்மெண்ட் என்று குருவையா சொன்னது, எந்திரிக்கும்போதே படுக்கப் பார்க்கிறான் என்று மதினி சொன்னது, முகத்தைக் காட்டத் தெரியாதவன், தன் ஊரென்ற பாசமில்லாதவன், இறங்கி வந்தால் என்ன குறைந்தா போவான் என்று ஒன்றரை மாதமாக என் காதுபட ஊர் வானத்தைப் பார்த்துச் சொன்னது எல்லாம், ஒவ்வொன்றாக, மேலே போன கல் திரும்பி விழுவது மாதிரி என் தலையில் வந்து விழுந்தது. எல்லாவற்றுக்கும் நான் "ஆமா" போட்டிருக்கிறேன். பெரியப்பாவுக்குக் கிணறு தோண்டிய ஊர் எனக்காகச் சூரியனை விட்டுக்கொடுக்கத் தயாராக இருந்திருக்கிறது, ஒரு வார்த்தை கேட்காமல், முனகிக்கொண்டே, சிரித்துக்கொண்டே.

அந்த வாரம் ஓடியது. எட்டேமுக்கால், எட்டரை, எட்டேகால், கடைசியில் ஒரேயடியாகக் குறைய ஆரம்பித்தது. வியாழக்கிழமை விடிந்து, மானேஜர் கேட்டைத் திறக்கச் சாவி வாங்கியபோது அவரே வானத்தைப் பார்த்து, "இன்னைக்கு எட்டுகூட ஆகாது போலயே தவசி, ஏழரைக்கெல்லாம் வந்துரு" என்றார். நான் வீட்டுக்குப் போகவில்லை. கீழத்தெரு வழியாகக் கிழக்கே நடந்தேன். எல்லைக்கல் வந்தது. எங்கள் பக்கம் சூரியன் அதற்குள் பனை உயரம் ஏறிவிட்டு அவசரப்பட்டுக்கொண்டிருந்தது. ஒரு எட்டு வைத்தேன், அந்தப் பக்கம் அப்போதுதான் கிளம்பிய சாவகாசமான காலை. கண் கூசியது. எத்தனையோ நாளாகச் சரியான பகலையே பார்க்காத கண். கையைப் புருவத்தில் வைத்துக்கொண்டு பாறையைப் பார்த்தேன்.

வெள்ளைத் துணிகள் பாறை முழுக்க. எங்கள் ஊர்ப் பெண்கள் குனிந்து குனிந்து கரண்டியால் கூழை வட்டம் வட்டமாக ஊற்றிக்கொண்டிருந்தார்கள். நடுவில் ஒரு கல்லில், வயிறு முன்னால் தள்ள, கால்களை அகட்டி உட்கார்ந்துகொண்டு, கறுப்புத் துணி கட்டிய குச்சியால் காக்கை விரட்டிக்கொண்டிருந்தாள் செண்பகவள்ளி. பக்கத்தில் பொன்னுத்துரை அவளுக்குக் குடை பிடித்து நின்றான். என்னைப் பார்த்ததும் குடை கொஞ்சம் சாய்ந்தது. கரண்டிகள் நின்றன.

"யாரைத் தேடி வந்தீக?" என்றாள் செண்பகம். குச்சியைக் கீழே வைக்கவில்லை.

"உன்னையத்தான்."

"பொழுது இன்னும் இருக்கேப்பா."

"இருக்கட்டும்."

ஒரு காக்கை இறங்கித் துணியோரம் கொத்தியது, யாரும் விரட்டவில்லை.

"என்ன இருக்கட்டும்? முழுசாச் சொல்லுங்க."

வெயிலுகந்தாள் கரண்டியோடு நிமிர்ந்து, "ஏளா, அப்பா கிட்ட..." என்று ஆரம்பித்தாள். நான் கையைக் காட்டினேன்.

"பொழுதும் இருக்கட்டும், நீயும் வா தாயி. நான் சொன்ன சொல்லை வாங்கிக்கிட்டேன். இம்புட்டுப் பேரு கேக்கத்தான் சொன்னேன், இம்புட்டுப் பேரு கேக்கவே வாங்கிக்கிட்டேன்."

என் இடுப்பில் வேட்டி இருந்தது. ஆனாலும் ஒரு கை அதைப் பிடித்துக்கொண்டேதான் நின்றேன்.

"அம்மா வெள்ளிக்கிழமை இருட்டினப்புறம் வந்துருன்னு சொன்னா" என்றாள் செண்பகம். "அன்னைக்கே சொல்லிட்டேன், இருட்டுல களவாணி மாதிரி வர மாட்டேன், இந்தப் பாறையிலேயே வேணா பெத்துக்கிருதேன்னு. இருட்டுல வந்து இருட்டுல பெத்தா, எம்பிள்ளை எதைப் பாத்துக் கண்ணு முழிக்கும்?"

வெயிலுகந்தாள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். இதை அவள் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை என்பது மதினி வாயைப் பிளந்து நின்றதிலேயே தெரிந்தது. அப்படியென்றால் நாளைக்குப் பொழுதும் போயிருக்கும், மகளும் வந்திருக்க மாட்டாள். மெழுகிய அறை அப்படியே கிடந்திருக்கும்.

"மணி என்ன?" என்றேன்.

"ஆறே முக்காலு மாமா..." என்று வாய்தவறிச் சொல்லிவிட்டுப் பொன்னுத்துரை நிறுத்திக்கொண்டான்.

எங்கள் பக்கத்தில் பொழுது அடைய ஒரு மணி நேரமும் இல்லை. ரெண்டு கிலோமீட்டர், ஒன்பது மாதக்காரி. பைக் எடுக்கட்டுமா என்று அவன் கேட்டான். "அந்த ரோட்டுல பைக்குல போனா வழியிலேயே பெத்துருவேன்" என்று சொல்லிவிட்டு அவள் என் தோளைப் பிடித்து எழுந்தாள். நடந்தோம். அவள் கை என் தோளில், வெயிலுகந்தாள் மிச்சக் கூழ்ப்பானையைத் தலையில் வைத்துக்கொண்டு பின்னால், அவளுக்குப் பின்னால் பையைத் தூக்கிக்கொண்டு பத்தடி தள்ளிப் பொன்னுத்துரை, அவனுக்குப் பின்னால் ஊற்றியதை ஊற்றியபடி போட்டுவிட்டு ஊர்ப்பெண்கள். காக்கைகளுக்கு அன்றைக்குக் கொண்டாட்டம்.

எல்லைக்கல்லைத் தாண்டியதும் வெளிச்சம் சட்டென்று பழுத்துப் போனது. எங்கள் சூரியன் அதற்குள் தலையைத் தாண்டி மேற்கே இறங்கிக்கொண்டிருந்தது. திரும்பிப் பார்த்தேன். பொன்னுத்துரை கல்லுக்கு அந்தப் பக்கமே நின்றுவிட்டான், பையை மட்டும் நீட்டிக்கொண்டு.

"ஏன் நின்னுட்டீக?" என்றேன். "வாங்க."

அவனுக்கு நான் "வாங்க" சொன்னதை மதினி பக்கத்திலிருந்தவளுக்கு முழங்கையால் இடித்துக் காட்டினாள்.

செண்பகம் நாலு எட்டுக்கு ஒருதரம் நின்றாள். இடுப்பைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினாள். நிழல்கள் எங்கள் முதுகுக்குப் பின்னால் நீண்டுகொண்டே போயின. நான் மேற்கே பார்க்கக் கூடாது, பார்க்கக் கூடாது என்று பார்த்துக்கொண்டே நடந்தேன். "கொஞ்சம் எட்டி வையி தாயி" என்றேன்.

"மெதுவாத்தான் வருவேன். நீங்க பதினோரு மாசம் எடுத்துக்கிட்டீகள்ல."

கீழத்தெருவில் ஆண்கள் வாசலுக்கு வந்து நின்றார்கள். குருவையா டீக்கிளாசோடு ரோட்டுக்கே வந்துவிட்டான், ஓரமாக நகர்ந்து வழி விட்டான். எங்கள் வாசல் வந்தபோது சூரியன் பிள்ளையார் கோயில் பனைமரத்துத் தலையைத் தொட்டுக்கொண்டிருந்தது. வாசற்படிக்கு முன்னால் அவள் நின்றாள். மூச்சு வாங்கத்தான் நின்றாளோ, வேண்டுமென்றேதான் நின்றாளோ. தெருவில் அவ்வளவு பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"இன்னும் இருக்கா?" என்று என்னைப் பார்க்காமலே கேட்டாள்.

திரும்பிப் பார்த்தேன். "இருக்கு."

வலது காலை எடுத்துப் படியில் வைத்தாள். அவள் நிழல் அவளுக்கு முன்னால் உள்ளறை வரைக்கும் போய் விழுந்தது. அதற்குப் பின்னால்தான் அவள் போனாள்.

கொஞ்ச நேரம் எல்லோரும் அப்படியே நின்று பனைமரத்தைப் பார்த்தோம். ஏழரை ஆனது. ஏழேமுக்கால் ஆனது. சூரியன் பனையின் மேலேயே இருந்தது, இறங்கவுமில்லை, ஏறவுமில்லை, எந்தப் பக்கம் போவதென்று வழி கேட்டு நிற்கிற ஆளைப் போல. நாளைக்கு எப்படியோ, யாருக்குத் தெரியும். எட்டரைக்கு என் தோளில் லேசாகச் சுட்டது. குருவையா கழுத்தைத் துடைத்துக்கொண்டு, "என்ன மச்சான் இது, காலங்காத்தாலேயே இந்தப் பொசுக்குப் பொசுக்குது" என்று முனகிக்கொண்டே கடைக்குப் போனான். ஒவ்வொருவராக ஏதோ ஒரு வேலையைச் சொல்லிக்கொண்டு கலைந்தார்கள்.

மில்லுக்குப் போகவா, படுக்கவா என்று தெரியாமல் வாசலில் நின்றேன். உள்ளே செண்பகம் ஏதோ சொன்னதும் பொன்னுத்துரை தண்ணீர் மோந்ததும் கேட்டது. வெயிலுகந்தாள் வாசலில் இறக்கி வைத்திருந்த பானையில் கரண்டியை விட்டுக் கலக்கிப் பார்த்தாள்.

"கூழு அரைப்பானை கெடக்கு, விட்டாப் புளிச்சிரும்" என்று சொல்லிவிட்டு, பானையோடு படியேறி மாடிக்குப் போய், பின்னாலேயே வந்த என் முன்னால் ஒரு பழைய வேட்டியை உதறினாள். "அந்த முனையப் பிடிங்க."

பிடித்தேன். துணியை இழுத்து விரித்து, நாலு மூலைக்கும் நாலு கல் வைத்தேன். அவள் குனிந்து முதல் கரண்டியை ஊற்றினாள்.